பாலியில் ஹாட் ஸ்டோன் மசாஜ்: போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பெண்கள் குழுக்களை இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு அழைத்துப் போவது என் தொழில். உபூதில் தங்கும் நாட்களில் ஒரு மதியத்தை ஸ்பாவுக்கென்று விட்டுவைப்பேன். அந்த ஒரு மதியத்தைப் பற்றி வரும் கேள்விகள் மற்ற நாட்களுக்கெல்லாம் சேர்த்து வருவதைவிட அதிகம். சிலர் ஊரிலேயே போன் செய்து கேட்பார்கள். சிலர் ஸ்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதோடு கேட்பார்கள். கேட்கத் தயங்கியவர்கள்தான் உள்ளே போய்ச் சிரமப்பட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

கல்லைச் சுடவைத்து முதுகில் அடுக்குவதுதானே ஹாட் ஸ்டோன் மசாஜ்?

அடுக்குவதும் உண்டு, ஆனால் அது பாதி வேலைதான். அறையின் மூலையில் அகலமான மின்சாரப் பாத்திரம் ஒன்று இருக்கும். அதில் வெந்நீர், அடியில் வழவழப்பான கருங்கற்கள். உள்ளங்கை அளவுக் கல்லிலிருந்து புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய கல் வரை பல அளவுகள். தெரபிஸ்ட் ஜல்லிக்கரண்டியால் ஒரு கல்லை எடுத்து, துண்டில் ஒற்றி, எண்ணெய் தடவி, உள்ளங்கையில் பிடித்தபடி உங்கள் முதுகிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் நீளவாக்கில் இழுத்துத் தேய்ப்பார். இரண்டு மூன்று நிமிடங்களில் கல் ஆறத் தொடங்கும். அதைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். கண்ணை மூடிக் கிடக்கும்போது கல்லோடு கல் உரசும் அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கற்கள் பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. ஆற்றிலோ கடலோரத்திலோ உருண்டு உருண்டு வழவழப்பாகியிருக்கும். அடர்த்தியான கல் என்பதால் கைக்குக் கனமாகவும் இருக்கும், வாங்கிய சூட்டைச் சட்டென்று விட்டுவிடவும் செய்யாது. வெறும் கையால் அழுத்தித் தேய்த்தால் வலிக்கும் இடம்கூடச் சூடு ஏறிய பிறகு இளகிக் கொடுக்கும். இந்த மசாஜின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை 60 நிமிடம், 90 நிமிடம் என்று இரண்டு வகையாக வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் 90 நிமிடம். 60 நிமிடத்தில் கல் உடம்புக்குப் பழகுவதற்குள் எழுப்பிவிடுவார்கள்.

இது பாலியின் பழைய வைத்தியமா?

இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் கடைகளை நம்ப வேண்டாம். சூடான கல்லை உடம்பில் வைக்கும் பழக்கம் உலகில் பல இடங்களில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் இன்று ஸ்பாக்களில் செய்யும் இந்த முறையை வடிவமைத்தவர் மேரி நெல்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1993ல் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் தொடங்கினார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

பாலிக்கென்று சொந்தமாக இருப்பது வேறு. இஞ்சி, கிராம்பு போன்ற சூடான சரக்குகளை அரிசியோடு அரைத்து உடம்பில் பற்றுப் போடுவார்கள். அதற்குப் போரே என்று பெயர். சேற்றில் நின்று நாற்று நடும் உழவர்கள் உடல் குளிர்ச்சி போகப் பூசிக்கொண்டது அது. பாலிக்கே உரிய ஒன்றுதான் வேண்டும் என்றால் அதைக் கேளுங்கள்.

நம் பக்கத்துக்கும் இந்தச் சூடு புதிதில்லை. குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையைப் போட்டு, அதன்மேல் காலை வைத்து ஒத்தடம் கொடுப்பதை என் பாட்டி செய்து பார்த்திருக்கிறேன். இலை வதங்கும் வாசம் வந்ததும் காலை எடுத்துவிடச் சொல்வார். கல் மசாஜ் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் சேர்ந்தது.

கல் எவ்வளவு சூடாக இருக்கும்? சுட்டுவிடாதா?

முறையாகச் செய்யும் இடத்தில் பாத்திரத்து நீர் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் தோலுக்குச் சூடு வலியாக மாறுவது ஏறக்குறைய 43 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள். அப்படியானால் ஏன் சுடுவதில்லை என்றால், கல் ஓரிடத்தில் நிற்பதில்லை. எண்ணெயோடு வழுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்தையும் கண நேரம்தான் தொடும். ஓரிடத்தில் வைத்துவிடும் கல் என்றால் தோலுக்கும் கல்லுக்கும் நடுவே துண்டோ விரிப்போ கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் தோலில் சூடான கல்லை வைத்துவிட்டு நகர்ந்துபோவது தவறான முறை.

சில டிகிரி வித்தியாசம் சின்ன விஷயமில்லை. 49 டிகிரி வெந்நீர் தோலை ஆழமாகப் புண்ணாக்கச் சில நிமிடங்கள் ஆகும். 60 டிகிரி வெந்நீருக்கு ஐந்து விநாடி போதும். அதனால்தான் வெப்ப அளவு காட்டும் பாத்திரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். கல்லை அடுப்பில் வாட்டியோ மைக்ரோவேவில் வைத்தோ எடுத்துவந்தால் படுக்காதீர்கள். வெளிப்புறம் ஒரு சூடும் உள்ளே ஒரு சூடுமாக இருக்கும் கல்லை யாராலும் கணிக்க முடியாது.

இன்னொரு சோதனை எளிது. தெரபிஸ்ட் கல்லை முதலில் தன் வெறும் கையில் பிடிக்க வேண்டும். அவரால் பிடிக்க முடியாமல் துண்டால் எடுத்துவந்தால் அந்தக் கல் உங்கள் மேல் படக் கூடாது. அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பது கீழே மொழி பற்றிய கேள்வியில் இருக்கிறது.

உடையெல்லாம் கழற்ற வேண்டுமா? ஆண்கள் யாராவது செய்வார்களா?

எண்ணெய் படும் என்பதால் உடையைக் கழற்றத்தான் வேண்டும். ஒருமுறை மட்டும் அணிந்து எறியும் மெல்லிய உள்ளாடை ஒன்று பொட்டலமாகக் கொடுப்பார்கள். மேலே சுற்றிக்கொள்ள லுங்கி போன்ற சாரோங். தெரபிஸ்ட் வெளியே போன பிறகு மாற்றிக்கொண்டு குப்புறப் படுத்து, விரிப்பைப் போர்த்திக்கொள்ளலாம். எந்தப் பகுதியைத் தேய்க்கிறார்களோ அந்தப் பகுதியில் மட்டும் விரிப்பை விலக்குவார்கள். உள்ளாடையைக் கழற்ற மனமில்லை என்றால் கழற்றாதீர்கள். எண்ணெய்க் கறை படும், அவ்வளவுதான். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

பாலியில் தெரபிஸ்ட்டுகள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களும் இருக்கிறார்கள். பெண்தான் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் போய்ச் சொன்னால் அரைமணி நேரம் காத்திருக்க நேரும்.

தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொல்வார்களா?

இந்தக் கேள்வியை வெளிநாட்டு ஸ்பாவில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் என் குழுவில் நான்கு பேரில் மூன்று பேர் கேட்பது இதுதான். கழற்ற வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தங்கச் சங்கிலி சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும். பிடரியில் சங்கிலி கிடக்க அதன்மேல் சூடான கல்லை அழுத்தினால் சங்கிலி பட்ட கோடு மட்டும் சுடும். ஆகவே கழுத்தில் கல் வேண்டாம், கையால் மட்டும் தேய்த்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். பயணத்துக்கு மஞ்சள் கயிற்றில் கோத்து வருகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. கயிற்றில் எண்ணெய் இறங்குவதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெட்டி அப்படியில்லை. கால் விரல்களின் இடுக்கில் சின்னக் கற்களைச் செருகிவைப்பார்கள். மெட்டியோடு அது வேண்டாம். விரலைக் காட்டி வேண்டாமென்று கையசைத்தால் போதும், புரிந்துகொள்வார்கள். வளையல், கைக்கடிகாரம், மோதிரங்களை அறைக்குள் ஒரு துணிப்பையில் போட்டு உங்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆகும்? பட்டியலில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை வருகிறதே?

பாலியில் பணம் ரூப்பியா. ஒரு லட்சம் ரூப்பியா நம் கணக்கில் சுமார் 500 ரூபாய். நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கும். தெருவோரச் சிறிய ஸ்பாவுக்கும் நட்சத்திர ஓட்டல் ஸ்பாவுக்கும் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கும். சாதாரண பாலினீஸ் மசாஜைவிடக் கல் மசாஜுக்கு எப்போதும் கூடுதல்தான். பட்டியலில் 350 என்று மட்டும் போட்டிருந்தால் அது மூன்றரை லட்சம். மூன்று பூஜ்யங்களை விட்டு எழுதுவது அங்கே வழக்கம்.

விலைக்குப் பக்கத்தில் ++ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து பல இடங்களில் 21 சதவீதம் வரை போகும். டிப்ஸ் கட்டாயமில்லை. நன்றாகச் செய்தார் என்று தோன்றினால் தெரபிஸ்ட்டின் கையிலேயே கொடுங்கள். ஒன்றரை மணி நேரம் சூட்டோடு கல்லைப் பிடித்துத் தேய்த்த கை அது. நான் எப்போதும் கொடுத்துவிடுவேன்.

எந்த ஸ்பாவை நம்புவது?

வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் இடம் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் அறையையும் கல் பாத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். பாத்திரத்து நீர் தெளிவாக இருக்கிறதா, மேலே முந்தியவரின் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு கற்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, நீரை மாற்ற வேண்டும்.

உங்கள் உடல்நிலையைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு படிவம் தருகிறார்களா என்பது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம். சர்க்கரை, இரத்த அழுத்தம், அறுவை சிகிச்சை, கர்ப்பம் எதையும் விசாரிக்காமல் நேரே படுக்கையைக் காட்டும் இடத்தில் கல் மசாஜ் வேண்டாம். சாதாரண மசாஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். நியெபி என்ற பாலி இந்துக்களின் சக ஆண்டுப் பிறப்பு பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று 24 மணி நேரம் தீவே அடங்கிவிடும். விமான நிலையம்கூட மூடியிருக்கும், தெருவில் நடக்கக் கூடாது.

காலையில் விமானம் இறங்குகிறது. அன்று மதியமே போகலாமா?

நானாக இருந்தால் மறுநாள் போவேன். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறுவார்கள். இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த உடம்பு, சரியாகத் தண்ணீர் குடிக்காத உடம்பு, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம். இதன்மேல் சூடும் சேர்ந்தால் எழும்போது தலை சுற்றும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் குடித்து, நடந்து, தூங்கி எழுங்கள்.

இன்னொன்று முக்கியம். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்காலில் வலியும் இருந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை யாரையும் தேய்க்க விடாதீர்கள். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. முதலில் மருத்துவர்.

பத்தூர் மலை ஏறிவிட்டு வந்தால்? கடலில் குளித்துவிட்டு வந்தால்?

பத்தூர் 1,717 மீட்டர் உயரமுள்ள எரிமலை. சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டிக் கிளம்பி இருட்டில் ஏறுவார்கள். இறங்கியதும் தொடை நடுங்கும். அன்று மாலையோ மறுநாளோ கல் மசாஜ் செய்தால் நன்றாகவே இருக்கும். முழங்காலோ கணுக்காலோ பிசகி வீங்கியிருந்தால் மட்டும் அந்த இடத்தில் சூடு கூடாது; அன்றைக்கு ஐஸ்தான்.

கடற்கரை விஷயம் வேறு. வெயிலில் தோல் சிவந்து எரிகிறது என்றால் அது ஏற்கெனவே லேசாக வெந்த தோல். அதன்மேல் சூடான கல் படவே கூடாது. கூட்டாவிலோ சனூரிலோ பகல் முழுக்கக் கடலில் இருக்கத் திட்டமிட்டிருந்தால் மசாஜை அதற்கு முந்தைய நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? முடிந்ததும் குளிக்கலாமா?

முழுச் சாப்பாடு வேண்டாம். குப்புறப் படுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி அளவில் ஏதாவது சாப்பிட்டால் சரி. மது அருந்தியிருந்தால் அன்று கல் மசாஜ் கிடையாது. சூடு தெரியாது, தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும்.

முடிந்ததும் உடனே எழுந்து நிற்காதீர்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கொடுக்கும் இஞ்சித் தேநீரை மெதுவாகக் குடியுங்கள். பெரும்பாலும் தேங்காய் எண்ணெயில் எலுமிச்சைப்புல் போன்ற வாசனை சேர்த்திருப்பார்கள். அரைமணி கழித்து வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். எண்ணெய்க் குளியல் அன்று பகலில் தூங்கக் கூடாது என்று நம் வீட்டில் சொல்வதை வைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்குங்கள்.

அக்கா, எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. செய்துகொள்ளலாம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சர்க்கரையின் அளவு இன்று எவ்வளவு என்பது இங்கே கேள்வி இல்லை. பல ஆண்டு சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மெல்ல மரத்துப்போகச் செய்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. சுடுகிறது என்று சொல்லித் தடுக்க வேண்டியவர் நீங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் தெரபிஸ்ட் எப்படி அறிவார்?

என் குழுவில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை. யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதத்தில் கல் வைத்தபோது, "சூடே இல்லையே, இன்னும் கொஞ்சம் சூடாக வையுங்கள்" என்று அவரே கேட்டிருக்கிறார். வெளியே வந்து, எல்லோரையும்விட அவர்தான் அதிகம் புகழ்ந்தார். மறுநாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தவர் என்னைக் கூப்பிட்டார். உள்ளங்கால் வளைவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கொப்புளம். விரலால் தொட்டுப் பார்க்கிறார், வலிக்கவில்லை. வலிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஊர் திரும்பி அது ஆற ஏழு வாரம் ஆனது. வாரம் தவறாமல் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பே கேட்டிருக்க வேண்டியது என் கடமை. இப்போது பயணப் படிவத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

ஆகவே, கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் பாதத்தின் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சில நிமிட வேலை. உணர்வு சரியாக இருந்து அவர் சரி என்றால் முதுகுக்கு மிதமான சூட்டில் செய்துகொள்ளலாம். உணர்வு குறைவு என்றாலோ, பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தாலோ முழங்காலுக்குக் கீழே கல்லே கூடாது. மற்றவர்களுக்குச் சுடும் கல் உங்களுக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

வேறு யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகளுக்குக் கல் மசாஜ் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கட்டுக்கு வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படுக்கக் கூடாது. காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், புதிதாகக் குத்திய பச்சை இருந்தால் அன்று வேண்டாம். நரம்பு சுருண்டு புடைத்த கால்களில் கல்லை வைக்கவோ அழுத்தவோ விடாதீர்கள். மாதவிடாய் நாட்களில் செய்யலாமா என்றால், உங்களுக்கு வசதியாக இருந்தால் தடை ஒன்றுமில்லை. இடுப்புச் சூடு சிலருக்கு இதமாகவே இருக்கும்.

அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. சூடு அதிகம் என்று எப்படிச் சொல்வது?

நான்கு சொற்கள் போதும். பானாஸ் என்றால் சூடு. தெர்லாலு பானாஸ் என்றால் சூடு அதிகம். சாகிட் என்றால் வலிக்கிறது. பெலான் பெலான் என்றால் மெதுவாக. நன்றிக்குத் தெரிமா காசி. கல்லுக்கு பாத்து. மலேசியாவில் முருகன் குடியிருக்கும் பத்துமலையின் பெயரில் இருப்பதும் மலாய் மொழியின் இதே சொல்தான். இதைச் சொன்னால் என் குழுவில் யாரும் அதன்பிறகு மறப்பதில்லை.

சொல் நினைவுக்கு வராவிட்டால் தமிழிலேயே "ஆ" என்று கத்துங்கள், உடம்பை நகர்த்துங்கள். நம் பெண்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பாவம், உழைக்கிற பெண், எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அது உதவி இல்லை. நீங்கள் முகத்தைக் குப்புற வைத்திருக்கும்போது உங்கள் முகச்சுளிப்பை அவரால் பார்க்க முடியாது. சொன்னால் ஒரு விநாடியில் கல்லை எடுத்துவிடுவார். நல்ல தெரபிஸ்ட் தொடக்கத்திலேயே ஒரு கல்லைத் தொடவைத்து, சரியா என்று கேட்பார். தலையை ஆட்டிவிடாமல் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

பாதியில் வேண்டாம் என்று எழுந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் எழுவதற்கு முன் கல்லை மட்டும் நிறுத்திவிட்டுக் கையால் தொடரச் சொல்லலாம். எந்த ஸ்பாவும் இதை மறுத்து நான் பார்த்ததில்லை. மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், எழுந்துவிடுங்கள்.

தொடக் கூடாத இடத்தில் கை பட்டால்?

கைதவறியா, வேண்டுமென்றா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "ஸ்டாப்" என்று உரக்கச் சொல்லி, விரிப்பைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். வரவேற்பில் இருப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மார்பும் பிறப்புறுப்பும் எந்த மசாஜிலும் சேர்ந்தவை அல்ல; வயிற்றைத் தேய்ப்பதற்கும் முன்கூட்டி உங்கள் சம்மதம் வேண்டும். குழுவாகப் போனால் வெளியே இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். என்னிடம் இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பும் விமானத்தில் அழுதுகொண்டே சொன்ன பெண் ஒருவர் இருக்கிறார். அன்றே சொல்லியிருந்தால் நான் அவரோடு போய் நின்றிருப்பேன்.

உடம்பில் உள்ள நச்சு எல்லாம் வெளியேறிவிடும் என்கிறார்களே?

வெளியேறாது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. மசாஜால் தசை இளகும், மனம் அமைதியாகும், அன்று இரவு நல்ல தூக்கம் வரும். 90 நிமிடத்துக்கு இது போதாதா? மூட்டுத் தேய்மானம் சரியாகும், எடை குறையும் என்று சொல்லி ஐந்து தடவைக்கான தொகுப்பை விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள்.

மறுநாள் முதுகில் சிவப்பு இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பரவலான இளஞ்சிவப்பு சில மணி நேரத்தில் அடங்கிவிடும். தசைவலி ஓரிரு நாள் இருக்கலாம். கல்லின் வடிவத்திலேயே திட்டாகச் சிவந்து, தொட்டால் எரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அது தீப்புண்.

சுட்ட உடனே தெரிந்தால் குழாயின் ஓடும் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். படம் எடுத்து ஸ்பாவிடம் காட்டி, எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். பயணக் காப்பீடு இருந்தால் மருத்துவமனை ரசீதோடு அதுவும் உதவும். சர்க்கரை உள்ளவர்கள் கொப்புளம் சிறிதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்தக் கல்லை வாங்கிவந்து வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

கடையில் பெட்டியாக விற்கிறார்கள். கனம் அதிகம்; கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் நிறுத்துவார்கள், பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய கல்லைச் சுடவைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

வாங்கிவந்தாலும் உங்கள் முதுகை நீங்களே தேய்த்துக்கொள்ள முடியாது. வீட்டில் இருப்பவர் தேய்ப்பதற்கு முன் கல்லைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல. வெறும் வலிக்கென்றால் தவிட்டு ஒத்தடமோ உப்பு ஒத்தடமோ அதே வேலையைச் செய்யும். சர்க்கரை உள்ள பாதத்துக்கு மட்டும் வீட்டிலும் எந்த ஒத்தடமும் வேண்டாம். பாட்டியின் செங்கல்லும் வேண்டாம்.